சுண்டினால் விழும் கூரை

சாப்பாட்டு மேஜையில் இரண்டு உறைகள். அவற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறைத்துக்கொண்டு ஒரு புருஷனும் பெண்டாட்டியும். போன வாரம் இந்தத் தொடரில் அவர்களை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். இந்த வாரமும் அப்படியேதான் இருக்கிறார்கள். உறைகளை மட்டும் ஓரமாகத் தள்ளிவிட்டு யாரோ ரொட்டி தின்றிருக்கிறார்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீட்டு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கட்டடக்கலைதான் தொழில். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே கட்டடத்தில் பாடம் நடத்துகிறார்கள். அப்பா தரைத்தளம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்து ஐந்து வருடம் படிக்கிற இளநிலைப் படிப்பு அவருடையது. அம்மா மேல்தளம். வேறொரு பட்டத்தை நாலு வருடம் படித்துவிட்டு ஏறி வருகிறவர்களுக்கான இரண்டு வருட முதுநிலைப் படிப்பு அவளுடையது. ஒரே மகள். வயது பதினேழு ஆகியும் வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர்.

ஒரு உறையில் ஐந்து வருடப் படிப்புக்கான இடம். இன்னொன்றில் நாலு வருடப் பொதுப் பட்டம், அதை முடித்ததும் மேல்தளத்தில் நிச்சய இடம். எது என்று வாலு இன்று மாலை ஏழு மணிக்குள் போனில் ஒரு பொத்தானை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அழுத்தாவிட்டால் இரண்டும் போய்விடும்.

“ஐந்தோ ஆறோ, ஒழுங்காக ஒரு வீடு கட்டத் தெரிந்தால் போதாதா, இதற்கு ஏன் இத்தனை வாரம் இழுக்கிறீர்கள்?” என்று ஒரு வாசகி கோபமாக எழுதியிருந்தார். நியாயமான கோபம். ஐந்து வருடப் படிப்பை முடித்தவர் நேராக உரிமப் பரீட்சைக்குப் போகலாம். நாலு வருடத்தோடு நின்றவர் போக முடியாது, மேலே ஏறித்தான் ஆக வேண்டும். இளசிலேயே கை பழகணும் என்பது அப்பா கட்சி. முதலில் நாலு விஷயம் தெரிந்துகொள், புத்தி முதிரட்டும், அப்புறம் கோடு போடு என்பது அம்மா கட்சி. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதால்தான் இந்தச் சண்டை முடியாமல் நான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் இவர்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு மாடல் இருக்கிறதே, ஞாபகம் இருக்கிறதா? மெல்லிய மரச் சீவல்களில் செய்த ஒரு சின்ன அரங்கம். கீழே பித்தளைத் தகட்டில் அப்பாவின் பெயர், முதல் பரிசு. அன்றைக்கு அவர் மேல்தளத்து மாணவர், அம்மா கீழ்த்தளத்து மாணவி. “இவ ஒட்டிக் குடுக்க வந்தா, அப்படியே என்கூட ஒட்டிக்கிட்டா” என்பது அப்பா விருந்தாளிகளுக்கு எல்லாம் சொல்லும் வேடிக்கை. அதற்கு ஒரு வாலும் உண்டு. “என்னை விட்டுப் போக மனசில்லாம அஞ்சு வருஷப் படிப்பை ஆறு வருஷம் படிச்சா!” விருந்தாளிகள் சிரிப்பார்கள். அம்மா காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

வாலுவும் அந்த வேடிக்கைக்குச் சிரித்து வளர்ந்தவள்தான். ஆனால் அவளுக்குக் கட்டடக்கலை மேல் ஆசை வந்தது அப்பாவாலும் இல்லை, அம்மாவாலும் இல்லை. சின்ன வயதில் யார் வீட்டுக்குப் போனாலும் மற்றப் பிள்ளைகள் பிஸ்கட் கேட்கும்போது இவள் “உங்க சமையலறை ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு?” என்று கேட்டு அம்மாவிடம் கிள்ளு வாங்குவாள். ஜன்னல் எங்கே வைத்தால் வெளிச்சம் எங்கே விழும் என்று யோசிப்பதைவிடப் பெரிய சுகம் அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இன்றைக்கு இரண்டு தளத்திலும் ஜூரி. செய்ததைச் சுவரில் மாட்டி, மாடலை மேஜையில் வைத்து, ஆசிரியர்கள் முன்னால் நின்று திட்டு வாங்குகிற நாளுக்கு அங்கே அப்படித்தான் பெயர். சேரப்போகிறவர்களும் வந்து பார்க்கலாம்.

“காலைல கீழ வா. நிஜமான படிப்புன்னா என்னன்னு பாரு” என்றார் அப்பா, ஷூ மாட்டிக்கொண்டே.

“மத்தியானம் மேல வா. மூக்கைப் பொத்திக்கிட்டுப் பார்க்க வேண்டியதில்ல” என்றாள் அம்மா.

“உன் மாடியில மனுஷங்க யாராவது இருக்காங்களா? எங்க பார்த்தாலும் கம்ப்யூட்டர் திரைதான் இருக்கு.”

“உங்க தரையில சோப்பு இருக்கா?”

வாலு இரண்டு உறைகளையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

மூக்கு விஷயத்தில் அம்மா சொன்னது உண்மை.

தரைத்தள ஸ்டூடியோவின் கதவைத் திறந்ததும் பசை, வண்ணத் தெளிப்பான், குளிக்காத சட்டை, ஆறிப்போன சூப் எல்லாம் சேர்ந்து முகத்தில் அறைந்தது. கட்டர்கள் குத்தி வைத்திருந்த டப்பாவிலேயே பல் துலக்கும் பிரஷ்களும் நின்றன. ஒரு மேஜைக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. சாக்ஸில் ஓட்டை. வாலு பயந்துபோய்க் குனிந்து பார்த்தாள். கால்களின் சொந்தக்காரர் உயிரோடுதான் இருந்தார், குறட்டை விட்டார்.

சுவரில் யாரோ பெரிய எழுத்தில், “தூங்குகிறவன் கட்டமாட்டான்” என்று எழுதியிருந்தார்கள். அதை யாரும் அழிக்கவில்லை. அழிக்கத் தோன்றாமல் அதற்குச் சட்டம் வேறு போட்டிருந்தார்கள்! ராத்திரித் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு, பிடுங்கியதை ஒரு பெருமையாகச் சுவரில் மாட்டுகிற பள்ளிக்கூடத்தை நான் என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தார். வீட்டில் பல்பு மாற்றவே மூன்று முறை கூப்பிட வேண்டிய மனிதர் இங்கே வேறு ஆள். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரம்பம். பேச்சுக்காக வைத்தார்களா, அறுப்பதற்காக வைத்தார்களா என்பது ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு மாதிரி.

அவருக்கு ஒரு பழக்கம். மாடலைப் பார்ப்பார், வரைபடத்தைப் பார்ப்பார், ரெண்டு கேள்வி கேட்பார். கடைசியில் கேரம் காயைச் சுண்டுகிறமாதிரி மாடலின் கூரையை விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். நின்றால் பிழைத்தது.

“கட்டடம்னா முதல்ல நிக்கணும். அழகு அப்புறம்” என்பார்.

நாலாவது மேஜையில் மூன்றாம் வருடத்துப் பெண் ஒருத்தி நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பத்து விரலிலும் காய்ந்த பசை. அதனால் அவளுக்குப் பசை என்றே பெயர். செய்திருந்தது ஒரு சின்ன நூலகம், மடிப்பு மடிப்பான கூரையோடு.

அப்பா சுண்டினார். கூரை அப்படியே வழுக்கிக்கொண்டு மேஜையில் விழுந்தது.

“பசை காயல” என்றார் அப்பா. “ராத்திரி என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?”

“வேலை இருந்துச்சு சார்.”

“எனக்கும் இருந்துச்சு. தூங்கினேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். வாலுவும் சிரித்தாள். அப்பா ஜோக் அடித்தால் சிரிப்பது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம்.

அப்பா கூரையை இரண்டு விரலால் தூக்கி, எல்லோருக்கும் காட்டினார். “இது கூரை இல்ல. டப்பா மூடி.” மேஜைக்குப் பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். “நாளைக்குக் காலைல மார்க் போடும்போது பார்த்துக்கறேன். இந்த வருஷத்தை இன்னொரு தடவை படிச்சா ஒண்ணும் குடி முழுகிடாது. அஞ்சு ஆறாகும், அவ்வளவுதான்.”

பசை அழவில்லை. “சரி சார்” என்றாள். அந்தச் ‘சரி சார்’ வாலுவின் சிரிப்பை நிறுத்திவிட்டது.

கூட்டம் அடுத்த மேஜைக்கு நகர்ந்தது. வாலு குப்பைத் தொட்டியைப் பார்த்தாள். கீழே தேநீர்ப் பைகள், மேலே அந்தக் கூரை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

அடிப்பக்கத்தில், யாருடைய கண்ணும் போகாத இடத்தில், தீக்குச்சியைவிட மெல்லிய சட்டங்கள் வரிசையாகச் சீவிப் பொருத்தப்பட்டிருந்தன. ஒன்றுகூடக் கோணவில்லை. கூரையைச் சுவரோடு ஒட்டுகிற கடைசிப் பசைக்கு மட்டும்தான் நேரம் கிடைக்கவில்லை. இதைச் செய்தவளுக்கா கூரை தெரியாது? வாலுவுக்குக் காது சுட்டது. துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், உறைகளுக்குப் பக்கத்தில்.

*

மத்தியானம் மாடிப்படியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி ஏறி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

“கொஞ்சம் பிடிக்கிறியா? கீழ கை குடுத்துப் பிடி. விளிம்பைத் தொடாத!”

பசைதான். வாலு ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தாள்.

“லிஃப்ட் இருக்கே?”

“கார்டு வேணும். மேல் மாடிக்காரங்களுக்கு மட்டும்தான் தருவாங்க. நீ சேர வந்திருக்கியா?”

“இன்னும் முடிவு பண்ணல. இது யாரோடது?”

“பேங்க்கோடது.”

“பேங்க்கா?”

“அவரு முன்னாடி பேங்க்ல வேலை பார்த்தார். இப்ப மேல முதுநிலை படிக்கிறார். கைக்குழந்தை வேற இருக்கு. பாவம், நல்ல மனுஷன்தான். கட்டர் பிடிக்கத்தான் தெரியாது. போன ஜூரிக்குக் கட்டைவிரலை நறுக்கிக்கிட்டார்.”

வாலு படியில் நின்றுவிட்டாள். “அப்ப இதைச் செஞ்சது?”

“நகருடி, கை வலிக்குது. நான்தான். மூணு நாளா இதே வேலை.”

“உன் ஜூரி இன்னைக்குன்னு தெரியாதா?”

“தெரியாம? கைகொடுப்புல என் பேரைப் போட்டுட்டாங்க.”

கைகொடுப்பு என்றால் என்ன என்று பசை படிக்குப் படி நின்று விளக்கினாள். மேல்தளத்து ஜூரிக்கு முந்தைய வாரம், கீழ்த்தளத்திலிருந்து நல்ல கைக்காரர்களாகப் பார்த்து மேடம் பொறுக்குவார். அவர்கள் போய் முதுநிலைக்காரர்களுக்கு வெட்டி ஒட்டிக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் வண்ணப் புத்தகத்தில் இதற்கு ‘இரு தளங்களை இணைக்கும் உறவுப் பாலம்’ என்று ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கிறார்கள். உறவாம், பாலமாம்! பாலத்தில் சுமை ஒரு திசையில் மட்டும்தான் போகிறது.

“மாட்டேன்னு சொல்லிட வேண்டியதுதானே?”

“சொல்லலாம். அப்புறம் நாளைக்கு நான் மேல படிக்கப் போகணும்னா சிபாரிசு யார் தருவா? அஞ்சு வருஷம் போதும்னு பேச்சுக்குச் சொல்வாங்க. நல்ல ஆபீஸ்ல எல்லாம் மேல ஏறி வந்தவங்களைத்தான் எடுக்கறாங்க.”

“காலைல சார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

பசை சிரித்தாள். “ரம்பத்துகிட்டயா? மேல இருக்கற மேடம் யார்னு நினைச்சே? அவர் பெண்டாட்டி! புருஷன்கிட்டப் போய்ப் பெண்டாட்டி மேல புகார் சொல்லச் சொல்றியா? சாயங்காலம் ஒரே மேஜையிலதானே சாப்பிடுவாங்க.”

வாலு பெட்டியைப் பார்த்துக்கொண்டே ஏறினாள்.

“அவங்களுக்கு ஒரு பொண்ணு இருக்காம்” என்றாள் பசை. “அதுவும் இங்கதான் வரப்போகுதாம். அதுக்கென்ன கவலை? கூரையே இல்லாம மாடல் வச்சாலும், ஆஹா, வானம் தெரியுதேன்னு மார்க் போடுவாங்க.”

நான்தான் அது என்று வாலு சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் இந்தப் பெட்டியின் மறுமுனையைப் பிடித்திருக்கும் உரிமை போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது.

*

மேல்தளத்தில் காபி மணத்தது. தரை பளபளத்தது. வெள்ளைச் சுவரில் ஒரு கறைகூட இல்லை, எவரும் எதையும் வெட்டின அடையாளமே இல்லை. காலையில் கண்ட அழுக்கு எங்கே போயிற்று என்று நான் சொல்லத் தேவையில்லை. இங்கே சேர வேண்டியதும் கீழேதான் சேர்ந்துகொண்டிருந்தது.

இருவரும் பெட்டியை மெதுவாக இறக்கினார்கள். பசை மூடியைத் திறந்தாள். ஒரு மருத்துவமனை. வளைந்த தாழ்வாரம், கூரையில் வரிசையாக வெளிச்சத் துளைகள். வாலு மூச்சை இழுத்துப் பிடித்தாள். அந்தத் துளைகள் ஒவ்வொன்றும் கீழே ஒரு கட்டிலின் மேல் நேராகத் திறந்தன.

“இந்தத் துளை யார் யோசனை?”

“பேங்க் சுவர்ல ஜன்னல் வச்சிருந்தார். படுத்திருக்கறவங்களுக்கு மேலதானே கண்ணு போகும்னு சொன்னேன். மாத்திக்கிட்டார்.”

“வாலு! இங்க இருக்கியா? வாடி கண்ணு!”

அம்மா. பட்டுப்போல மடிந்த சால்வை, கையில் ஒரு காபிக் கோப்பை. நேராக வந்து வாலுவின் தோளில் கை போட்டாள். “எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க. இதான் என் பொண்ணு.”

பசை வாலுவைப் பார்த்தாள். ஒரே பார்வைதான். அப்புறம் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கதவோரம் போய்த் தரையைப் பார்த்து நின்றுவிட்டாள். அம்மா அவளிடம், “வச்சாச்சா? சரி, நீ போலாம்” என்றாள். பசை போகவில்லை. தான் செய்ததை எவராவது பார்ப்பதைப் பார்க்க அவளுக்கும் ஆசை இருக்காதா?

ஜூரி ஆரம்பித்தது. பேங்க் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பேசினார். நன்றாகவே பேசினார், நோயாளி, வெளிச்சம், மனம் என்று. அம்மா, சேரப்போகிற பிள்ளைகளோடு வந்திருந்த பெற்றோர்கள் பக்கம் திரும்பினாள்.

“இளநிலைக்கும் முதுநிலைக்கும் என்ன வித்தியாசம்னு எல்லாரும் கேக்கறீங்க. இதோ, இந்தக் கூரையைப் பாருங்க. இந்த நிதானம், இந்த முதிர்ச்சி பதினெட்டு வயசுல சேர்ந்தவங்களுக்கு வராது. நாலு வருஷம் வேற எதையாவது படிச்சு, உலகத்தைப் பார்த்துட்டு வரணும்.”

பெற்றோர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் படம் பிடித்தார்.

விருந்தினராக வந்திருந்த அப்பாவுக்கு இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து வந்தார். குனிந்தார். விரலை மடக்கி ஒரு சுண்டு.

நின்றது.

இன்னொரு சுண்டு, கொஞ்சம் பலமாக. அசையவில்லை.

“நிக்குது!” என்றார் அப்பா. தோற்றதைக்கூட மறந்து முகம் மலர்ந்துவிட்டது. “கை நல்ல கை. யார் செஞ்சது, நீங்களேவா?”

பேங்க் அம்மாவைப் பார்த்தார். “எல்லாரும் சேர்ந்து செஞ்சோம் சார்” என்றார். அவர் கட்டைவிரலில் பழைய தையல் வடு இருந்தது.

கதவோரம் நின்றவளை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாலு பார்த்தாள். பசை தன் விரல் நுனியிலிருந்த காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள்.

வாலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கழிப்பறைக்கு ஓடினாள். பளிங்குத் தொட்டி, மடித்து வைத்த துண்டுகள், ஒரு கிண்ணத்தில் வாசனைச் சோப்பு. அந்த அழகான தொட்டியில் வாந்தி எடுத்தாள். காலையில் தான் சிரித்த சிரிப்பும் அதோடு வெளியே போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு தடவை எடுத்தாள்.

*

சாயங்காலம் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சந்தோஷமாக இருந்தார்கள். வருடத்தில் ஒருநாள் நடக்கிற அதிசயம் அது. பெட்டியில் வாங்கி வந்த சாப்பாட்டை அம்மா தட்டுகளில் வைத்தாள். வாலுவின் போன் மேஜை நடுவில் திறந்திருந்தது, திரையில் இரண்டு பொத்தான்களோடு. ஆறரை தாண்டிவிட்டது.

“ஏண்டி ஒண்ணும் சாப்பிடல?” என்றாள் அம்மா.

“அப்பா, நான் கீழ சேர்ந்தா என் மாடலையும் சுண்டுவீங்களா?”

அப்பா வாயில் சாப்பாட்டோடு சிரித்தார். “உன்னோடதையா? நீ ஜூரிக்கு முந்தின நாளே வீட்ல காட்டிடு. எங்க விழும்னு சொல்லிடறேன்.”

“பார்த்தியா, அவர் வழியே அப்படித்தான்” என்றாள் அம்மா. “மேல வந்தா உனக்கு அந்தக் கவலையே வேணாம். நீ யோசிச்சாப் போதும். எதுக்கு விரலைக் கெடுத்துக்கிட்டு ஒட்டணும்? அதுக்குத்தான் கீழ ஆள் இருக்காங்களே.”

அவ்வளவு செல்லமாகச் சொன்னாள். இரண்டு பேருமே செல்லமாகத்தான் சொன்னார்கள். மகள் எந்தப் பக்கம் போனாலும் அவள் விரலில் பசை படாமல் பார்த்துக்கொள்ளப் பெற்றவர்கள் ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டார்கள். சண்டை எந்தத் தளத்தில் என்பது பற்றி மட்டும்தான்.

போன் முனகியது. தெரியாத எண்.

‘அலுவலகத்துல கேட்டு உங்க நம்பர் வாங்கினேன். நீங்க யார்னு தெரியாம படியில என்னென்னவோ பேசிட்டேன். சார்கிட்டயும் மேடம்கிட்டயும் சொல்லிடாதீங்க. ப்ளீஸ். நாளைக்கு மார்க் போடறாங்க.’

மத்தியானம் “நகருடி” என்றவள்தான். வாலு அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. பையைத் திறந்தாள். மடிப்பு மடிப்பான கூரையை எடுத்து மேஜை நடுவில், போனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“ஐயோ, சாப்பிடற இடத்துல குப்பையை வைக்கறியே!” என்றாள் அம்மா.

“காலைல நான் தூக்கிப் போட்டதாச்சே இது” என்றார் அப்பா.

“திருப்பிப் பாருங்கப்பா.”

அப்பா திருப்பினார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அந்த மெல்லிய சட்டங்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மத்தியானம் ‘நல்ல கை’ என்ற மனிதருக்குக் கை தெரியாமல் போகுமா?

“மத்தியானம் மேல பார்த்த மாடல்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

“அதையும் இவதான் செஞ்சா. மூணு நாளா. அதனாலதான் இதை ஒட்ட நேரமில்ல. அம்மா பேர் போட்டுக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க இதுக்காக அவளை ஒரு வருஷம் திரும்பப் படிக்கச் சொல்றீங்க.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “என் பசங்களை ஜூரி வாரத்துலயா எடுத்தே?”

“கைகொடுப்பு உங்களுக்குத் தெரியாதமாதிரி பேசாதீங்க” என்றாள் அம்மா. குரல் ஏறிவிட்டது. “எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். கீழ இருக்கறவங்க இப்படித்தான் கத்துக்கறாங்க. யாரும் செத்துப் போயிடல. ஏன், நான் ஒட்டலையா?”

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்ததுபோல அவளே வாயை மூடிக்கொண்டாள்.

வாலு கூடத்தின் பக்கம் திரும்பினாள். கண்ணாடி அலமாரியில் அந்தச் சின்ன அரங்கம் விளக்கு வெளிச்சத்தில் நின்றது. அதன் கூரைக்குக் கீழேயும் தீக்குச்சியைவிட மெல்லிய சட்டங்கள். கீழே பித்தளையில் ஒரே ஒரு பெயர். இத்தனை வருடம் தூசி தட்டியிருக்கிறாள், இதையும் அப்பாவின் வேடிக்கையையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

“அம்மா.”

“என்ன?”

“அஞ்சு வருஷப் படிப்பை நீ ஏன் ஆறு வருஷம் படிச்சே?”

அப்பா தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை. விருந்தாளிகள் முன்னால் இந்த இடத்தில் அவர் ஒரு வேடிக்கை சொல்வது வழக்கம். எல்லோரும் அதற்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. வரவில்லை.

மேஜை மேல் போனின் திரை ஒருமுறை மங்கி, எச்சரிப்பதுபோல் மறுபடி ஒளிர்ந்தது. ஏழுக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. மூன்று பேரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அம்மா கை நீட்டி, கூரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு சட்டத்தின் மேல் விரலை மெதுவாக ஓட்டினாள். இந்தமாதிரி தானும் சீவியவள்தான். பிறகு நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“கேக்கறா இல்ல?” என்றாள். “நீங்களே சொல்லுங்க.”